பாதி டேங்க்குக்குக் கீழே இறங்கினால் நிற்கும் வண்டி: என் பழைய டீசல் பிக்கப்போடு 12 ஆண்டுகள்

2009 மாடல் டீசல் பிக்கப் ஒன்றை 2013-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி மலைக்கு ஏறி, வாழைத்தாரும் சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கோ மதுரை மாட்டுத்தாவணிக்கோ கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் வேலை. மீட்டர் 3 லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் டீசல் வரும் வழிதான். அதிலும் 2022 மழைக்காலத்தில் தொடங்கி எட்டு மாதம் இழுத்த ஒரு கோளாறை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் பம்ப்பைக் கழற்றக் கொடுப்பதற்கு முன் படித்தால் பணம் மிச்சமாகும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். என்னுடையது புது வண்டிகளில் வரும், டீசலை மிக அதிக அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் இல்லை, சுழன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அனுப்பும் பழைய ரோட்டரி பம்ப். டேங்கில் தனி மோட்டார் கிடையாது. பம்ப்புக்குள் இருக்கும் சின்ன இறக்கை பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சி இழுக்கிறது. ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரிதான். ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதேபோல டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள வழியில் ஓட்டை விழுந்தால், இன்ஜின் ஓடும்போது கீழே ஒரு சொட்டு டீசல்கூட விழாமல் போகலாம். வண்டிக்கு அடியில் குனிந்து ஈரம் தேடி, "லீக் எதுவும் இல்லை" என்று எழுந்து வருவதில்தான் பாதிப்பேர் ஏமாறுகிறோம்.

கோளாறு இப்படித்தான் ஆரம்பித்தது. பெரும்பாறை ஏற்றத்தில் லோடு இல்லாமல் போகும்போதே வண்டி இழுக்காமல் திணறும், ரெண்டு உதறு உதறி நின்றுவிடும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை இருபது தடவை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். சில நாள் காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், பிடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் மட்டும் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல். அதுவே ஏர் பிடித்திருப்பதற்கு ஒரு அடையாளம்தான், அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபில்டரை மாற்றினேன். டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர்களையும் புதிதாகப் போட்டேன். பழைய வாஷரை அப்படியே திருப்பிப் போடக்கூடாது, இறுகிப்போயிருக்கும், சரியாகப் படியாது. வேறு வழியில்லை என்றால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிக்கொள்ளலாம். எதுவும் பலிக்கவில்லை. அப்புறம் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரி தெரியும் டீசல் ஹோஸ் ஒரு முழம் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. சரி, இழுக்கும் பக்கம் சுத்தம், கோளாறு பம்ப்பில்தான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தப்பு. ஏன் தப்பு என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் கழற்றிக் கொடுத்தேன். 22,000 ரூபாய் ஆனது. சீல் கிட் எல்லாம் மாற்றினார்கள், அது வீண் என்று சொல்ல மாட்டேன். என் பம்ப் பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3, வண்டிப் புகைக்கான அரசு விதி) காலத்தது. அந்த விதிப்படி டீசலில் கந்தகம் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க 50 ஆனது, 2020 ஏப்ரலில் 10. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது, அதை ஈடுகட்ட மருந்து கலந்துதான் விற்கிறார்கள். பழைய ரப்பர் சீல்கள் இந்த மாற்றத்தில் சுருங்கிக் கசிவதுண்டு. அதனால் சீல் மாற்றும்போது விட்டான் என்ற டீசல் தாங்கும் ரப்பர் ரகம் கேட்டுப் போடுவது நல்லது. ஆனால் என் கோளாறுக்கு அது மருந்து இல்லை. பம்ப் மாட்டிய அன்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலை ஏறினேன், அருமையாகப் போனது. பத்தாம் நாள் அதே வளைவில் நின்றது.

பிறகு திண்டுக்கல்லில் டீசல் வேலையிலேயே தலை நரைத்த பாய் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, நிக்கிற அன்னிக்கெல்லாம் டேங்க்ல எவ்வளவு டீசல் இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, ரெண்டு வாரம் நின்ற இடம், நேரம், லோடு, டீசல் முள் நான்கையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதியபோது மொத்தம் ஆறு தடவை நின்றிருந்தது. ஆறு தடவையும் முள் பாதிக்குக் கீழே! நிரப்பிய நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் குமிழி பார்த்த அன்று டேங்க் நிறைந்திருந்தது. கோளாறு இல்லாத நேரத்தில் சோதித்துவிட்டு, கோளாறே இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

டேங்க்கைக் கால்வாசிக்கு இறக்கி, முன்பக்கம் மேடாக நிறுத்தி மறுபடி பார்த்தோம். ஹோஸில் சோடா பொங்குகிற மாதிரி நுரை வந்தது. அதற்கு அடுத்ததுதான் கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, சைலன்சர் சூட்டுக்கு எட்டாத இடத்தில் இன்ஜினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்ப்புக்கு ஹோஸ் கொடுத்தோம். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகி அதுவே ஏர் பிடிக்கும். அரை மணி நேரம் ரேஸ் கொடுத்தும் இன்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. பம்ப்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் நன்றாக இருக்கிறது என்று அந்த அரை மணியில் தெரிந்துவிட்டது. இதை முதல் நாளே செய்திருந்தால் 22,000 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

அடுத்து டேங்க்கின் உறிஞ்சுகுழாய் வெளியே வரும் முனையிலிருந்து ஃபில்டருக்குப் புது ஹோஸை நேராக இழுத்து, சேஸிஸ் ஓரம் போகும் இரும்புக் குழாயை விலக்கினோம். நுரை நிற்கவில்லை. அப்படியென்றால் ஓட்டை டேங்க்குக்குள்ளேயேதான். டேங்க்கை இறக்கி உறிஞ்சுகுழாயை வெளியே எடுத்தபோது, அதன் நடு உயரத்தில் துரு அரித்துக் கடுகு அளவுக்கு ஒரு துளை. டீசல் மட்டம் துளைக்கு மேலே இருக்கும்வரை அது வழியாகவும் டீசல்தான் போகும். மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கிறது. ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் ஒதுங்கும். என் டேங்க்கில் குழாய் முன்பக்கம் இருப்பதால் முள் பாதியை ஒட்டியிருக்கும்போதே துளை வெளியே வந்துவிடும். ராத்திரியில் அதே துளை வழியாகக் காற்று ஏறி, லைனில் இருந்த டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடும். காலைச் செல்ஃப் தொல்லைக்குக் காரணம் அது. குழாயை மட்டும் தனியாக எடுத்துப்போய்க் கழுவி, பித்தளை வைத்து அடைத்தார்கள். டேங்க்கின் மேல் வெல்டிங் வைக்கவே கூடாது, காலி டேங்க்கில் தேங்கிய ஆவி உயிருக்கே ஆபத்து. மொத்தச் செலவு கூலியோடு 1,400 ரூபாய்.

இந்த வண்டியில் பார்த்த மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை ஒரு தடவை அடைத்துக்கொண்டு, மதுரை ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடியதும் நின்றது. மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று சத்தம் வந்ததால் உடனே பிடிபட்டது. சாவி போட்டால் பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 'டிக்' என்று தட்ட வேண்டும். தட்டவில்லை என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள். 1.6 லட்சம் கிலோமீட்டரில் கறுப்புப் புகை வந்து, லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியபோது நாசில்களை டெஸ்டரில் வைத்துப் பார்த்தார்கள். நான்கில் இரண்டு பனிபோலத் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தன. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லேசாக லூஸ் செய்து, எதில் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பார்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கையைக் குறுக்கே வைக்காமல் செய்ய வேண்டும். புதிய காமன் ரெயில் வண்டியில் இதைத் தொடவே தொடாதீர்கள். அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

துருவுக்குக் காரணம் தண்ணீர்தான். மலையில் ராத்திரி பாதி டேங்க்கோடு நிறுத்தினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். இப்போது சாயங்காலமே நிரப்பிவிடுகிறேன், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து நீரை வடிக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு டம்ளர் வரை வந்திருக்கிறது.

போன மாதம் வேண்டுமென்றே கால் டேங்க்கோடு பெரும்பாறை ஏறிப் பார்த்தேன், எங்கேயும் திணறவில்லை. இப்போது பம்ப்பில் ஆக்சிலேட்டர் கம்பி பிடிக்கும் தண்டு ஓரம் மட்டும் லேசாக ஈரம் தெரிகிறது. ஓ-ரிங் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மழைக்கு முன் பாயிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.