"டிரைவர் அப்டேட் பண்ணிடாதீங்க" என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கார்டை வாங்காதீர்கள்

2025 அக்டோபரோடு என்விடியா தன் பாஸ்கல் வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1070, 1080 எல்லாவற்றுக்கும், கேம் ரெடி டிரைவர் (புதிய விளையாட்டுகளுக்கு ஏற்பக் கார்டை ஓட்டும் மென்பொருள்) கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். அன்றிலிருந்து, தெரிந்தவர்கள் யாராவது ஒருவர், என்விடியாவின் போட்டிக் கம்பெனியைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "ஏஎம்டிக்கு மாறிடலாமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் ஏழாயிரம், எட்டாயிரத்துக்குள் செகண்ட்ஸ் தேடுகிறவர்கள். 2023 ஜனவரியில் நானும் அப்படித்தான் தேடினேன். 9,500 ரூபாயில் ஏமாந்தேன். அந்தக் கதையை இப்போது எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது 4 ஜிபி 1050 டிஐ. ஐந்து வருடம் உழைத்த கார்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிய விளையாட்டுகளுக்கு அந்த 4 ஜிபி பற்றவில்லை. விளையாட்டின் வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதி ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும்தான். எங்களைப் போன்ற ஜிடிஎக்ஸ்காரர்களுக்குக் கிடையாது. போட்டிக்கு ஏஎம்டி 2021 ஜூனில் விட்ட எஃப்எஸ்ஆர் மட்டும் என் கார்டிலும் ஓடியது. என் என்விடியா கார்டுக்கு ஏஎம்டிக்காரன் உதவுகிறான், சொந்தக்காரன் உதவவில்லை என்று மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஏஎம்டியின் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 என்று முடிவு செய்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் காட்பாடியிலிருந்து ரயில் ஏறி, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு. 1050 டிஐ மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டு; 580க்குத் தனியாக எட்டு பின் இணைப்பு வேண்டும், 185 வாட் இழுக்கும். மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும் என்பதால் கேபினெட்டையே பெரிய பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கெட்ட காலம், நான் அவர்களைத் தாண்டிப் போய் ஒரு மாடிக்கடையில் ஏறினேன். கடைப் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாடியில் உட்காருவது அங்கே பெரிய வேலை இல்லை.

"ஓப்பன் பாக்ஸ் தம்பி. கஸ்டமர் ஒருத்தர் வாங்கிட்டு, கேபினெட்ல உக்காரலன்னு திருப்பிக் கொடுத்தது" என்றார். கார்டு பளபளவென்று இருந்தது. பின்பக்க மூலையில் வெள்ளை மார்க்கரில் 47 என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். ஸ்டாக் நம்பர் என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும். உனக்கு எதுக்கு தம்பி அது? பதினஞ்சு நாள் டெஸ்டிங் வாரண்டி நான் தர்றேன்ல" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் தொகையைக் கிறுக்கிக் கொடுத்தார். அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தது.

கடைப் பையன் கேபினெட்டை உள்ளே எடுத்துப்போய் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தான். எல்லாம் ஓடியது. ஆர்எக்ஸ் 580 என்று திரையிலும் காட்டியது. கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்:

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. டிரைவர் மட்டும் அப்டேட் பண்ணிடாத. நாங்க செட் பண்ணி வச்சிருக்கிறதுலயே ஓட்டு. ஏஎம்டி டிரைவர் பத்தி உனக்கே தெரியுமே."

"தெரியும்ணா" என்று தலையை ஆட்டினேன். இன்று யோசித்தால் எனக்கு அதுதான் பெரிய அவமானம். ஏஎம்டி டிரைவர் சரியிருக்காது என்ற பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019இல் வந்த ஆர்எக்ஸ் 5700 வரிசையில் திரை திடீர் திடீரென்று கருப்பாகிவிடும் தொல்லை மாதக்கணக்கில் இருந்தது. 2020 பிப்ரவரியில் வந்த 20.2.2 டிரைவரில்தான் அவர்கள் அதைப் பெரிய அளவில் சரிசெய்தார்கள். அந்தப் பழைய கெட்ட பெயர் இன்னும் ஊருக்குள் சுற்றுகிறது. கார்டில் எந்தத் தில்லுமுல்லு இருந்தாலும் அதை ஏஎம்டி தலையில் கட்டிவிட்டுக் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். வாங்கியவனே கடைக்காரருக்காக வாதாடுவான். நான் வாதாடினேன். ஜிடிஏ 5 விளையாட்டில் அவ்வப்போது சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னின. ஏஎம்டி டிரைவர் என்றேன். இரண்டு முறை திரை கருப்பானது; ஏஎம்டி டிரைவர் என்றேன். யூடியூபில் மற்றவர்கள் 580இல் காட்டும் வேகம் எனக்கு வரவில்லை; அதற்கும் அதே பதில்.

அப்போது ஆர்எக்ஸ் 7000 வரிசை புதிதாக வந்திருந்ததால் ஏஎம்டி அதற்கு மட்டுமே புதிய டிரைவர்களை விட்டுக்கொண்டிருந்தது. பழைய கார்டுகள் இரண்டு மாதத்துக்கு மேல் 22.11.2 என்ற டிரைவரிலேயே நின்றன. பிப்ரவரி நடுவில் எல்லோருக்குமாக 23.2.1 வந்தது. சரி, இந்தப் புள்ளி மின்னுவதாவது போகட்டும் என்று ஏற்றினேன். மறுபடி கணினி எழும்பியபோது எழுத்தெல்லாம் ஆனை ஆனையாக நின்றது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம், கோடு 43. கார்டு பிரச்சினை என்று சொல்வதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

போன் போட்டேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றார், பிள்ளையைக் கண்டிக்கிற குரலில். பதினைந்து நாளும் முடிந்திருந்தது. பழைய டிரைவரையே போட்டுப் பார்க்கச் சொன்னார். டிடியு என்ற துடைக்கும் மென்பொருளால் சேஃப் மோடில் சுத்தமாக வழித்துவிட்டு, ஏஎம்டி தளத்திலிருந்தே 22.11.2ஐ இறக்கிப் போட்டேன். அதே கோடு 43. நேற்றுவரை அதே 22.11.2இல் ஓடிய கார்டு! எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கேபினெட்டோடு மறுபடி ரயில். முதலில் எஸ்எம்பிஎஸ் பத்தவில்லை என்றார். அது அவரிடமே வாங்கிய 550 வாட் என்று நினைவுபடுத்தினேன். உடனே பேச்சை மாற்றினார். "இந்தச் சிவப்பு கம்பெனியே வேணாம் தம்பி. பச்சைக்கே போயிடு. இதை நாலாயிரத்துக்கு நான் எடுத்துக்கறேன், மேல ஒன்பதாயிரம் கொடு, 1660 சூப்பர் தர்றேன்." சிவப்பு என்றால் ஏஎம்டி, பச்சை என்றால் என்விடியா. கவனித்துப் பாருங்கள், இதுதான் முழு வியாபாரம். 9,500க்கு விற்ற கார்டு நாலாயிரத்துக்கு அவரிடமே திரும்பிவிடும், அடுத்த தம்பிக்குப் போகும். நான் இன்னொரு செகண்ட்ஸ் கார்டோடு, "இனி ஏஎம்டி பக்கமே தலைவைக்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்குச் சம்மதித்திருப்பேன். கையில் ஒன்பதாயிரம் இல்லாததால் தப்பித்தேன்.

அலுவலகத்தில் லினக்ஸே கதி என்று இருக்கும் ஒரு அண்ணன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பென்டிரைவில் இருந்த உபுண்டுவில் கணினியை எழுப்பினார். திரை முழு அளவில் பளிச்சென்று வந்தது. "கார்டு செத்திருந்தா இங்கயும் செத்திருக்கணும்ல? விண்டோஸ்ல மட்டும் படுத்துக்குதுன்னா பயாஸ்ல யாரோ கைவச்சிருக்காங்கடா" என்றார்.

விஷயம் இதுதான். கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் ஒரு பயாஸ், அதாவது கார்டு எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் சின்ன மென்பொருள், இருக்கிறது. அதில் ஏஎம்டியின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று விண்டோஸ் டிரைவர் பார்க்கும். யாராவது திருத்தியிருந்தால் கார்டை ஓட்ட மறுத்துவிடும். லினக்ஸ் டிரைவர் அந்தச் சோதனையைச் செய்வதில்லை. கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற மின்காசைத் தோண்டியவர்களுக்கு வேண்டியது மெமரியின் வேகம்தான். அதனால் பயாஸைத் திருத்தி, சிப்பின் வேகத்தைக் குறைத்து, மெமரியை அதன் எல்லைவரை முறுக்கி, இரவும் பகலுமாக ஓட்டுவார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் இப்படித் தோண்டும் முறையையே கைவிட்டது. தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் ஒரே நாளில் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. நான் வாங்கியது அதற்கு நாலு மாதம் கழித்து.

திருத்திய பயாஸை விண்டோஸ் ஏற்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. டிரைவர் கோப்பையே ஒட்டுப்போட்டு அந்தச் சோதனையை முடக்குகிற சின்ன நிரல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. கடைப் பையன் உள்ளே ஒரு மணி நேரம் செய்த வேலை அதுதான். புதிய டிரைவர் ஏறியதும் ஒட்டு போய்விட்டது. பழைய டிரைவரைப் புதிதாகப் போட்டாலும் அதில் ஒட்டு இருக்காது. "அப்டேட் பண்ணிடாத" என்பதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதோடு முடியவில்லை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கையைப் பார்த்த அண்ணன் சிரித்துவிட்டார். 2048. அசல் ஆர்எக்ஸ் 580இல் 2304 இருக்க வேண்டும். 2048 உள்ளது அதன் தம்பி, ஆர்எக்ஸ் 570. இருக்கிற பயாஸைப் பத்திரமாகச் சேமித்துவிட்டு, மெமரி சிப்பின் கம்பெனியைப் பார்த்துப் பொருத்தமான அசல் 570 பயாஸைத் தேடி எழுதினார். (இதை வீட்டில் விளையாட்டாக முயலாதீர்கள், தப்பான பயாஸ் ஏறினால் திரையே வராது.) மறுபடி எழும்பியதும் எந்த ஒட்டும் இல்லாமல் 23.2.1 ஏறியது. டிவைஸ் மேனேஜரில் ஆர்எக்ஸ் 570 என்று தன் சொந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தது. டிரைவரில் ஒரு குறையும் இல்லை. பாவம், ஒரு மாதமாக அதைத் திட்டியிருந்தேன். ஆனால் மெமரி ஏற்கெனவே அடிபட்டிருந்ததால் புள்ளிகள் மின்னுவது மட்டும் நிற்கவில்லை.

47 என்பது ஸ்டாக் நம்பராக இருக்கலாம். எத்தீரியம் தோண்ட அடுக்கில் வரிசையாக மாட்டிய கார்டுகளில் இது நாற்பத்தேழாவதாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

பணம் திரும்பி வந்த கதை சுருக்கமானது. ஜிபியு-இசட் படம், யுபிஐயில் பணம் கட்டிய விவரம், எஸ்டிமேட் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் ஒப்பித்தேன். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 6,000 கொடுத்தார். மீதி 3,500 'யூசேஜ்' என்றார். இன்னொரு லீவு போட முடியாததால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். 18 சதவீதத்தை மிச்சம் பிடித்ததாக நினைத்ததற்கு அது கூலி.

இரண்டு மாதம் கழித்து, பில்லோடு, சீரியல் எண் எழுதி வாங்கி, புதிய ஆர்எக்ஸ் 6600 போட்டேன். ஆம், அதே ஏஎம்டிதான். இன்றுவரை ஓடுகிறது. எல்லாம் தேன் என்று சொல்லவில்லை. 580, 570 போன்ற போலாரிஸ் கார்டுகளை ஏஎம்டி 2023 கடைசியிலேயே தனி டிரைவர் வழிக்கு ஒதுக்கிவிட்டது. 2025 அக்டோபர் கடைசியில் என் 6000 வரிசையையும் ஓரமாக வைப்பதுபோல் அறிவித்து, திட்டு வாங்கியபின் விளையாட்டு ஆதரவு தொடரும் என்று விளக்கம் சொன்னது. ஆகவே டிரைவர் ஆதரவுக்காகவே 1060ஐ விட்டு 580க்கு மாறுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுகிற கதை அது.

செகண்ட்ஸ்தான் வாங்க முடியும் என்றால், பணம் கொடுக்கும் முன் அவர்கள் மேசையிலேயே, உங்கள் கண்முன்னால், கம்பெனித் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, ஏஎம்டி நிறுவியில் இருக்கும், பழைய டிரைவரைத் துடைக்கும் ஃபேக்டரி ரீசெட் வழியாக ஏற்றச் சொல்லுங்கள். ஐந்தே நிமிடம். திருத்திய பயாஸ் இருந்தால் அங்கேயே படுத்துவிடும். ஜிபியு-இசட்டில் ஷேடர் எண்ணிக்கையைக் கம்பெனி சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றிய போலி என்விடியா கார்டுகளை அது 2018 முதல் ஃபேக் என்றே காட்டிக்கொடுக்கும். என்னுடையது போன்ற ஏஎம்டி கார்டில் நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் கடைக்காரர் முகம் சுளித்தால் படியிறங்கிவிடுங்கள்.

போன வாரம் அத்தை மகன் ஒரு விற்பனைப் படத்தை அனுப்பி, "மாமா, 580, ஆறாயிரத்தி ஐந்நூறு, எடுக்கலாமா?" என்று கேட்டான். படத்தைப் பெரிதாக்கினேன். பின்பக்கம், அதே மூலை, வெள்ளை மார்க்கரில் 31. கீழே குறிப்பு: கண்டிஷன் சூப்பர், தற்போதுள்ள டிரைவரை மாற்ற வேண்டாம்.