சோற்றுக்கு அரை மணி, துணிக்கு ஒரு காலை: மும்பையில் இரண்டு பழைய தொழில்கள்

மும்பைக்குப் போய்வந்த நாளிலிருந்து கிளிநொச்சியில் என்னைக் காண்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குச் சுமந்துபோகிறார்களே, அந்த டப்பாவாலாக்களைப் பார்த்தீர்களா?" மகாலக்ஷ்மியில் இருக்கும் தோபி காட் என்ற பெரிய சலவைத்துறையைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்கிற ஓரிருவரும் "பாலத்தில் நின்று படம் எடுத்தீர்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மாவும் நானும் இரண்டையும் பார்த்தோம்; தோபி காட்டுக்கு இரண்டு தடவை போனோம். திருமணத்துக்கோ வைத்தியத்துக்கோ மும்பைக்குப் போகும் நம்மவர்களுக்கு ஊர் பார்க்க ஒரு நாள் மிஞ்சுவதே பெரிய காரியம். அந்த ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான்: சலவைத்துறைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது, டப்பாவாலாக்களுக்கு அரை மணி நேரம்.

டப்பாவாலாக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் ஏறத்தாழ நூறு பேரைச் சேர்த்துத் தொடங்கிய வேலை அது. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஆளுக்குப் பின்னால், வீட்டில் சமைத்த மத்தியானச் சாப்பாட்டை அலுவலகம் வரை கொண்டுபோய்க் கொடுத்து, வெறும் டப்பாவைப் பின்னேரம் திரும்பவும் வீட்டில் சேர்க்கிறார்கள். தொழில் செழித்திருந்த காலத்தில் சுமார் 5,000 பேர் நாளொன்றுக்கு 2 லட்சம் டப்பாக்கள் வரை சுமந்தார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து ரயிலும் அலுவலகமும் நின்றபோது தொழில் படுத்துவிட்டது. பிறகு எழுந்தது, ஆனால் பழைய அளவுக்கு எழவில்லை. போனில் சாப்பாடு வரவழைக்கும் பழக்கமும், வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கமும் அவர்களின் வாடிக்கையில் கைவைத்துவிட்டன.

தோபி காட்டும் அதே காலத்தது; அதன் தொடக்கத்தையும் 1890 என்றே சொல்கிறார்கள். ஒரு நகரம் பெருத்து, தன் சோற்றையும் அழுக்குத் துணியையும் தானே கவனிக்க நேரமில்லாமல் போனபோது முளைத்த இரட்டைப் பிள்ளைகள் என்று இவற்றைச் சொல்லலாம். இரண்டு தொழிலும் குறியை நம்பி நிற்பவை. டப்பாவின் மூடியில் நடுவே பெரிதாக ஓர் எண் இருக்கும். எந்தப் பகுதியில் இறக்கவேண்டும் என்பதை அது சொல்லும். ஓரத்து எழுத்தும் எண்ணும் கொடுக்கிற ஆளையும் கட்டிடத்தையும் மாடியையும் காட்டும். துணிக்கும் அப்படித்தான். ஒரு காலத்தில் சேங்கொட்டைப் பாலால் கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் சலவைக்குறி போடுவார்கள். எத்தனை வெளுத்தாலும் அழியாது. இந்த வீட்டுச் சட்டை அந்த வீட்டுக்குப் போகாமல் காத்தது அந்தக் கறுப்புப் புள்ளிதான்.

சேர்ச்கேட் ரயில் நிலையத்துக்கு வெளியே காலை 11.15க்கு நாங்கள் நின்றோம். பொதிகளுக்கென்று ஒதுக்கிய பெட்டியிலிருந்து நீளமான மரத்தட்டுகள் இறங்கின. தட்டு முழுக்க டப்பாக்கள். ஒரு தட்டு அறுபது கிலோவைத் தாண்டும். வெள்ளைத் தொப்பிக்கு மேலே தட்டை ஏற்றிக்கொண்டு, சனத்தைப் பிளந்து வந்து நடைபாதையில் இறக்கினார்கள். இறக்கியதும் நாலைந்து பேர் குனிந்து, கண்ணால் மூடியைப் பார்ப்பதும் கையால் டப்பாவை நகர்த்துவதும் ஒரே அசைவாக, பிரித்துப் பிரித்து அடுக்கினார்கள். யாரும் சத்தமாக வாசிக்கவில்லை, யாரிடமும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பூனா மாவட்டத்து மலையடிவாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், பண்டரிபுரத்து விட்டலனைக் கும்பிடுகிறவர்கள். ஊரும் உறவும் ஒன்று என்பதால் ஒருவர் கை நோக்கி இன்னொருவர் கை தானாக நீள்கிறது.

அம்மா டப்பாக்களைக் கண்டதும் எங்கள் வயலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த வயலில் அரிவு வெட்டு நடக்கும் நாட்களில், ஏழெட்டு வீட்டுத் தூக்குச்சட்டிகளை ஒரு பையன் சைக்கிளில் கொண்டுவருவான். எந்தச் சட்டி எந்த வீட்டுக்குரியது என்பதற்கு அம்மா பிடியில் பழைய சேலையின் சிவப்புக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக்கு நீலம். பிறகு, 2009இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் சோற்றுப் பொதி வருமா வராதா என்று வரிசையில் நின்ற மத்தியானங்களும் அவருக்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, சேர்ச்கேட்டில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பிந்தினால் என்ன செய்வார்கள்?" எங்களோடு வந்த தமிழ்ப் பையன் சிரித்தான். "பிந்தாது அம்மா" என்றான். பதினொன்றே முக்காலுக்கு நடைபாதை வெறுமையாகிவிட்டது. சைக்கிள்களிலும் தள்ளுவண்டிகளிலும் சோறு போய்விட்டது.

அரை மணி என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுதான். அதற்கு மேல் அங்கே பார்க்க எதுவும் இராது. அவர்களுக்கு நின்று கதைக்க நேரமில்லை, அப்படி நேரமில்லாததுதான் தொழிலின் உயிர். 2003இல் பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ் அவர்களைச் சந்திக்க வந்தபோதும் சந்திப்பு அவர்களின் வேலை நேரத்துக்கு ஏற்றபடிதான் அமைந்தது. பின்னர் 2005இல் அவரது திருமணத்துக்கு இரண்டு டப்பாவாலாக்கள் இங்கிலாந்து போனார்கள். டப்பாவாலாக்களோடு நாள் முழுக்கச் சுற்றலாம் என்று விற்கப்படும் ஏற்பாடுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். பொதிப்பெட்டியில் நீங்கள் ஏறினால் ஒரு தட்டு வைக்கும் இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். இத்தனை லட்சத்தில் ஒரு டப்பாதான் தவறும் என்று வழிகாட்டிகள் ஆளுக்கோர் எண் சொல்வார்கள். எண்ணை விட்டுவிட்டு அந்த விரல்களைப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் வழியை விட்டு விலகி நில்லுங்கள்.

இனித் தோபி காட். மகாலக்ஷ்மி நிலையத்தை ஒட்டிய மேம்பாலத்திலிருந்து பார்த்தால் முழுத்துறையும் கீழே விரிந்து கிடக்கும். 700க்கும் மேற்பட்ட சீமெந்துத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல், மேலே கயிறு கயிறாகத் துணிகள். வெள்ளை விரிப்புகள் ஒரு பக்கம், ஆஸ்பத்திரிப் பச்சை ஒரு பக்கம், நீலக் காற்சட்டைகள் ஒரு பக்கம் என்று நிறம் நிறமாகக் காயும். ஒரே இடத்தில் கையால் துணி துவைத்த ஆட்களின் எண்ணிக்கைக்காக 2011இல் கின்னஸிலும் இடம்பிடித்தது. படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதல் நாள் நாங்கள் கண்டதும் அவ்வளவுதான். கீழே கூட்டிப்போவதாகச் சொல்லிக் காசு வாங்கிய ஒரு சுற்றுலாக்காரர், பாலத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு, நேரமாகிவிட்டது என்று வாகனத்தில் ஏற்றிவிட்டார்.

அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்கு நெஞ்சு அடைத்தது. போர் முடிந்து ஏ9 வீதியில் சுற்றுலாப் பஸ்கள் வரத் தொடங்கிய காலத்தில், கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் பஸ்கள் வந்து நிற்கும். இறங்குவார்கள், தாங்கியைப் படம் எடுப்பார்கள், பக்கத்தில் தகரக் கொட்டிலுக்கு முன்னால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த எங்களையும் எடுப்பார்கள், ஏறிப் போவார்கள். ஒருவராவது வந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. பாலத்தில் நின்றபோது நான் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

இன்னொரு பாரமும் என்னிடம் இருந்தது. எங்கள் ஊர்களில் சலவைத் தொழிலைச் சாதியோடு கட்டிவைத்தோம். கல்யாண வீட்டுக்கு வெள்ளைத்துணி கட்ட, செத்தவீட்டுக்கு மாற்றுத்துணி கொடுக்க அந்தச் சாதியினரை அழைத்தோம். அவர்கள் கட்டிய வெள்ளைக்குக் கீழே நாங்கள் கதிரை போட்டு இருந்தோம், அவர்களை விறாந்தையில் இருத்தவில்லை. இதை மறைத்துவிட்டு ஒரு சலவைத்துறையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. கீழே இறங்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாராவியைச் சேர்ந்த அந்தத் தமிழ்ப் பையனோடு போனோம். அவனுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வாசலில் ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்று காசு கேட்டார். பேரம் பேசவில்லை. உள்ளே வேலை செய்கிறவர்களின் இடத்துக்குள் போகிறோம், அவர்கள் கேட்பது நியாயம்.

கீழே எல்லாம் வேறாக இருந்தது. முதலில் காதில் விழுவது கல்லில் துணி அறையும் சத்தம். பாலத்தில் அது வாகன இரைச்சலில் அமுங்கிவிடும். ஒருவர் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு, நனைந்த விரிப்பைக் கயிறுபோல முறுக்கித் தலைக்கு மேலே சுழற்றிக் கல்லில் அறைந்தார். ஏழு, எட்டு. பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம். அவருடைய பாதங்கள் ஊறி வெளுத்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. அப்பால் சோடாத் தண்ணீர் கொதிக்கும் பெரிய அண்டாக்கள். அம்மா மூக்கை உயர்த்தி, "வெள்ளாவி மணம்" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன்.

கயிறுகளுக்குக் கிட்டப் போனபோதுதான் அங்கே ஒரு கவ்விகூட இல்லை என்பதைக் கவனித்தோம். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கைப் பெருவிரலால் சற்றுத் திறந்து, துணியின் நுனியை உள்ளே செருகிக் கையை எடுத்தால் கயிறு தானே கடித்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் துணி போகாது. எடுக்கும்போது ஒரு சுண்டு, அவ்வளவுதான். அங்கே நின்ற பெண் ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்து ஒரு தலையணை உறையைச் செருகக் காட்டிக்கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. மூன்றாவது உறையில் அம்மாவுக்குக் கை படிந்துவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நாலாவது உறையையும் நீட்டினார்.

அங்கேயே குடும்பங்கள் குடியிருக்கின்றன. தொட்டிகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான பாதை ஒருவருடைய வாசல்படியாகவும் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம், தலை வாரிவிடும் நேரம். அதனால் படம் எடுக்குமுன் கேளுங்கள். குளிக்கிறவர்கள் பக்கம் கையடக்கத் தொலைபேசியைத் திருப்பவே வேண்டாம். அங்கே உழைப்பவர்கள் உத்தரப் பிரதேசம் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் தெலுங்கு பேசும் பகுதிகளிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள். இப்போது பெரிய சலவை இயந்திரங்களும் உலர்த்திகளும் வந்துவிட்டன. கல்லைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள், அதில் நான் மனம் வருந்தவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு, நாங்கள் ரசிப்பதற்காக ஒருவர் தண்ணீரில் நிற்கவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். வீட்டுத் துணி குறைந்து, விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் உடுப்பு வியாபாரிகளும்தான் அவர்களின் பெரிய வாடிக்கை.

ஆகவே ஒப்பிட்டுச் சொன்னால், டப்பாவாலாக்களின் திறமை வீதிக்கே வந்து உங்கள் கண்முன் நிற்கிறது. காசும் வழிகாட்டியும் தேவையில்லை, ஒதுங்கி நின்றால் போதும். தோபி காட்டின் திறமை கயிற்று முறுக்குக்குள்ளும் அண்டாவுக்குள்ளும் இருக்கிறது. இறங்கிக் கிட்டப் போனால்தான் தெரியும், அதற்கு மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். வழிகாட்டிக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தால் முழுவதையும் இங்கேயே செலவழியுங்கள். பேசும்போதே "கீழே இறங்குவோமா, எவ்வளவு நேரம்?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மும்பை உங்கள் வழியில் இல்லாவிட்டால் கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்ற இடத்தில் ஒரு சலவைக்கூடம் உண்டு. சிறியது. ஒல்லாந்தர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட சலவைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கையால் துவைக்கிறார்கள். தமிழிலேயே கதைக்கலாம் என்பதால், வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு அதுவே மேல் என்றுகூடச் சொல்வேன்.

மும்பையில் என்றால், யூனிலிருந்து செப்ரெம்பர் வரையிலான மழைக்காலத்தைத் தவிருங்கள். கயிறுகளில் பாதி வெறுமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், அன்று டப்பாக்கள் வராது. வேறெந்த நாளானாலும் ஏழு மணிக்கு மகாலக்ஷ்மியில் இறங்கி, பத்தரை வரை துறையில் இருங்கள். பிறகு அதே நிலையத்திலிருந்து சேர்ச்கேட் போகும் மெதுவான ரயிலைப் பிடியுங்கள்; மும்பை சென்ட்ரல், கிராண்ட் ரோடு, சார்னி ரோடு, மெரின் லைன்ஸ், அடுத்தது சேர்ச்கேட். கால் மணி நேரப் பயணம். பெண்கள் பெட்டியில் அந்த நேரத்தில் இருக்க இடம் கிடைக்கும். அம்மா ஜன்னலோரம் இருந்து, ஈரம் காயாத தன் பெருவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து, திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு வந்தார்.