மைன்கிராஃப்ட் எஜுகேஷன்: வேதியியலுக்கு வாங்கலாம், வரலாற்றுக்கு வேண்டாம்

வீடியோ கேம் வைத்துப் பாடம் நடத்த நினைக்கும் பள்ளி, எந்தப் பாடம், எத்தனை கணினி, ஒரு பீரியடுக்கு எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் பள்ளிப் பதிப்பான மைன்கிராஃப்ட் எஜுகேஷன் சில பாடங்களுக்கு அருமையாக அமைகிறது. சிலவற்றுக்கு வெறும் பொழுதுபோக்குதான். விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

நியூயார்க்கில் கணினி ஆசிரியராக இருந்த ஜோயல் லெவின் 2011-ல் தன் வகுப்பில் மைன்கிராஃப்டைப் பயன்படுத்தத் தொடங்கினார். பிறகு ஃபின்லாந்தின் டீச்சர்கேமிங் நிறுவனத்தோடு சேர்ந்து பள்ளிகளுக்கென ஒரு பதிப்பு வந்தது. 2014-ல் மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2016 ஜனவரியில் இந்தப் பள்ளிப் பதிப்பையும் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் தன் பெயரில் வெளியிட்டது. வீட்டில் விளையாடும் மைன்கிராஃப்டும் இதுவும் வெவ்வேறு பொருட்கள். வீட்டில் வாங்கிய கணக்கை வைத்துப் பள்ளி உலகத்துக்குள் நுழைய முடியாது.

வேதியியலில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் கொடுத்த காசுக்கு மதிப்பு அங்கேதான் தெரிகிறது. 2018-ல் சேர்க்கப்பட்ட இந்தப் பகுதியில் நான்கு கருவிகள் உண்டு. தனிமம் உருவாக்கும் கருவியில் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் மூன்றின் எண்ணிக்கையையும் மாணவரே நகர்த்தி வைக்க வேண்டும். 6, 6, 6 என்று வைத்தால் கார்பன் வந்து விழும். ஒன்பதாம் வகுப்பு அணு அமைப்புப் பாடத்தில் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவதை இங்கே பிள்ளை தன் கையால் செய்கிறது. தனிமம் எது என்பதைப் புரோட்டான் எண்தான் தீர்மானிக்கிறது என்பது ஐந்தே நிமிடத்தில் மனதில் பதிந்துவிடும். ஆனால் விளையாட்டு மின்சுமையற்ற அணுவோடு நின்றுவிடுகிறது. அயனி என்று ஒரு பொருளே இதில் இல்லை. சோடியம் எலக்ட்ரானை இழப்பதைக் கரும்பலகையில்தான் நடத்தியாக வேண்டும்.

சேர்மம் உருவாக்கும் கருவியில் 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் இட்டால் தண்ணீர், சோடியமும் குளோரினும் ஒவ்வொன்று இட்டால் உப்பு. பொருள் பிரிக்கும் கருவி, ஒரு கட்டையைப் போட்டால் அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பிரித்துத் தரும். ஆய்வக மேசையில் சேர்மங்களைக் கலக்கலாம். தவறாகக் கலந்தால் குப்பை என்ற பொருள்தான் கிடைக்கும். பிள்ளைகள் வேண்டுமென்றே குப்பை செய்து குவிப்பார்கள். முதல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், அடங்கிவிடுவார்கள்.

மேசையில் செய்ய வேண்டிய முதல் பொருள் வெப்பக்கட்டை: இரும்பு, தண்ணீர், கரி, உப்பு. குளிர் நாடுகளில் கடையில் விற்கும் கைவெப்பப் பொட்டலத்திலும் இதே நான்கும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது வெளியாகும் வெப்பம்தான் அதன் சூட்சுமம். ஆக்சிஜனேற்றம் என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல நுழைவாயில் பாடநூலில் இல்லை.

இனி, விளையாட்டு தவறும் இடங்கள். சர்க்கரை செய்ய 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் கேட்கிறது. அது குளுக்கோஸின் வாய்பாடு. நாம் காப்பியில் போடும் சர்க்கரை சுக்ரோஸ், அதற்கு 12, 22, 11. நான்கு சோடியம் அசிட்டேட்டைச் சேர்த்தால் பனிக்குண்டு வருகிறது, எறிந்தால் தண்ணீர் உறைகிறது. உண்மையிலோ மீச்செறிவான சோடியம் அசிட்டேட் கரைசல் படிகமாகும்போது சூடுதான் வெளியேறும், எதுவும் குளிர்வதில்லை. வண்ணத் தீப்பந்தங்களில் சிவப்புக்கு மெர்குரிக் குளோரைடு, பச்சைக்கு டங்ஸ்டன் குளோரைடு என்று வைத்திருக்கிறார்கள். மத்தாப்பில் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம் உப்பு, பச்சையைத் தருவது பேரியம் உப்பு என்பது சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும். ஊதாவுக்குப் பொட்டாசியம் குளோரைடு என்பது மட்டும் சரி. மெர்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரையில் அது இன்னொரு ஜாடி, அவ்வளவே.

இந்தப் பிழைகளால் பொருள் கெட்டுவிடவில்லை. "விளையாட்டில் எங்கே தப்பு இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று ஒரு பீரியடை ஒதுக்கினால் அதுவே நல்ல பாடம். பிழைகளைத் தெரிந்துகொள்ளாமல் நடத்தும் ஆசிரியர்தான் ஆபத்து.

அடுத்து நிரல் எழுதுதல். சி விசையை அழுத்தினால் நிரல் சாளரம் திறக்கும். கட்டைகளை இழுத்துப் பொருத்தும் மேக்கோடும் உண்டு, வரிவரியாக எழுதும் பைத்தான் மொழியும் உண்டு. ஏஜென்ட் என்ற சிறு ரோபோ நாம் சொன்னபடி நடக்கும், வைக்கும், உடைக்கும். பத்துக் கட்டை நீளத்தில் சுவர் எழுப்புவது நல்ல முதல் பயிற்சி. ஏறக்குறைய எல்லோரும் "முன்னால் ஒரு கட்டை வை, பிறகு முன்னே நட" என்றுதான் எழுதுவார்கள். ஏஜென்ட் தான் வைத்த கட்டையிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். "முன்னே நட, பின்னால் வை" என்று மாற்றி 10 முறை சுழலவிட்டால் சுவர் வந்துவிடும். கட்டளைகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஏஜென்ட் நடக்கிறது, ஆனால் எதுவும் வைக்கவில்லை என்று கை தூக்குபவர்களும் இருப்பார்கள். அதன் பையின் முதல் இடத்தில் கட்டை இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். நிரலின் முதல் வரியிலேயே 64 கட்டைகளை அங்கே நிரப்பச் சொல்லுங்கள். ஏஜென்டைக் காணவில்லை என்பவர்களுக்கு, அதைத் தன்னிடம் வரவழைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது.

ரெட்ஸ்டோன் என்ற மின்சுற்றுப் பொருளும் சொல்லத்தக்கது. சமிக்ஞை 15 கட்டை தூரம் போய் ஓய்ந்துவிடும், மேலே போக ரிப்பீட்டர் வேண்டும். தர்க்கக் கதவுகளை (ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் சுற்றுகளை) கட்டிக் காட்டப் போதுமானது. மின்னழுத்தம், மின்தடை, ஓம் விதி எதையும் இதில் தேடாதீர்கள்.

கணிதத்தில் பரப்பளவு, கனஅளவு வரை நன்று. ஒரு கட்டை ஒரு கன மீட்டர் என்பதால் அறையைக் கட்டிவிட்டு எண்ணிப் பார்க்கலாம். வட்டம், சாய்வு என்று வந்தால் எல்லாம் படிக்கட்டாகிவிடும். வரலாறு, இலக்கியம் பக்கம் பாட நூலகத்தில் நிறைய உலகங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பிள்ளை நடக்கிறது, பாத்திரத்தின் மேல் சொடுக்குகிறது, ஒரு பத்தி வாசிக்கிறது. அதே பத்தியைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை.

நிறுவும்போது வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பள்ளியின் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு கட்டாயம், சொந்த அவுட்லுக் முகவரி செல்லாது. உரிமம் ஆண்டுக்கு, ஒரு பயனருக்கு என்ற கணக்கில் வரும். மைக்ரோசாஃப்ட் 365-ன் ஏ3, ஏ5 கல்வித் திட்டம் வைத்திருக்கும் பள்ளிக்கு அதிலேயே அடக்கம். வாங்கிய பிறகு நிர்வாகி ஒவ்வொரு கணக்குக்கும் உரிமத்தை ஒதுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "உள்ளே போக மாட்டேன் என்கிறது" என்று புலம்பும் பள்ளிகள் அதிகம். விண்டோஸ், மேக், ஐபேட், குரோம்புக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். லினக்ஸில் ஓடாது. ஆய்வகத்தில் லினக்ஸ் மட்டுமே இருந்தால் மேலே யோசிக்க வேண்டாம். இடைமுகத்தில் தமிழ் இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். கீழ்வகுப்புகளுக்கு அது பெரிய தடை.

ஒரே உலகத்தில் பலர் சேர வேண்டுமென்றால், உலகத்தைத் திறந்தவர் திரையில் நான்கு படங்கள் கொண்ட சேர்க்கைக் குறியீடு தெரியும். மற்றவர்கள் அதே படங்களை அதே வரிசையில் அழுத்த வேண்டும். சேர முடியவில்லையா? எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று மட்டும் இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதுவும் சரியென்றால் 19132 போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். உலகத்தைத் திறந்தவர் மூடினால் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள், ஆகவே அந்தக் கணினி ஆசிரியருடையதாக இருக்கட்டும். பாட நூலகத்திலிருந்து முப்பது பேரும் ஒரே நேரத்தில் இறக்கினால் இணையம் படுத்துவிடும். ஒரு கணினியில் இறக்கி, உலகம் முழுவதையும் அடக்கிய எம்சிவேர்ல்டு கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் மற்றவற்றுக்குப் போட்டுவிடுங்கள். பீரியட் முடியும்போதும் இதே ஏற்றுமதி வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் பிள்ளை வேறு கணினியில் உட்கார்ந்து தான் கட்டியதைத் தேடும்.

மவுஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். டச்பேடில் வலப்பக்கச் சொடுக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவது பெரியவர்களுக்கே வராது. சிலருக்குத் தலைசுற்றும், அமைப்புகளில் நடக்கும்போது திரை ஆடுவதை நிறுத்திவிட்டால் குறையும். உலகத்தை அமைக்கும்போதே ஒருவரையொருவர் அடிப்பது, டிஎன்டி வெடிப்பது இரண்டையும் அணைத்துவிட்டு, நேரத்தைப் பகலில் நிறுத்திவையுங்கள். ஒருவர் கட்டியதை இன்னொருவர் உடைக்காமலிருக்க, தரைக்கு அடியில் தடைக்கட்டை வைத்தால் அதற்கு மேலே யாரும் கட்டவோ உடைக்கவோ முடியாது. எல்லைக்கட்டை வைத்தால் ஆள் தாண்டவே முடியாது. உலகம் கட்டும் உரிமை உள்ளவர்களை இவை தடுப்பதில்லை, ஆகவே அந்த உரிமை மாணவர்களிடம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

45 நிமிடப் பீரியடில் உள்ளே நுழையவே 10 நிமிடம் போய்விடும், முதல் பீரியட் நடக்கவும் பறக்கவும் பழகுவதோடு சரி. அடுத்தடுத்து இரண்டு பீரியட் கிடைக்காத பள்ளி, வாரம் ஒருமுறை என்று இதை ஓட்டுவதில் பயனில்லை.

வாங்குமுன் உள்நுழையாமலே திறக்கும் மாதிரிப் பாடத்தை உங்கள் ஆய்வகத்தின் மிகப் பழைய கணினியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைக்கு வேதியியல் பகுதி மட்டும் போதுமென்றால் தனி உரிமம் தேவையில்லை. மைன்கிராஃப்டின் சாதாரண பெட்ராக் பதிப்பிலேயே உலக அமைப்புகளில் கல்வி அம்சங்களை இயக்கினால் அதே கருவிகள் வரும். லினக்ஸ் ஆய்வகத்துக்கு இதே போன்ற கட்டை விளையாட்டான லுவான்ட்டி இருக்கிறது, 2024 வரை மைன்டெஸ்ட் என்று அறியப்பட்டது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், ஒரே கணினியை சர்வராக்கி இணையமில்லாமலே வகுப்பு முழுவதையும் இணைக்கலாம், போர்ட் 30000. தயார்ப் பாடங்களோ வேதியியல் மேசையோ அதனுடன் வராது. கட்டிடமும் கனஅளவும் போதுமென்றால் அதை எடுங்கள், காசு மிச்சம்.