1931 என்று சொல்லி என்னிடம் விற்ற பக்கிள்

போன மார்ச் மாதம் 240 யூரோ கொடுத்து ஒரு பெல்ட் பக்கிள் வாங்கினேன். ஜெர்மனியின் தன்னார்வ உழைப்புச் சேவை (வேலையில்லாதவர்களை முகாம்களில் சேர்த்து வேலை கொடுத்த ஏற்பாடு), 1931, முதல் மாடல் என்று விற்றவர் போனில் சொன்னார். உண்மையில் அது அண்மையில் யாரோ வார்த்தெடுத்த போலி. பணம் திரும்ப வரவில்லை. அந்தக் காலத்து ஜெர்மன் சீருடைப் பொருள்களைச் சேகரிக்கிற தமிழர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஜெர்மனியின் சாவர்லாந்தில், தகடு அச்சழுத்தும் பட்டறை ஒன்றில். பக்கத்தில் லூடன்ஷைட் நகரம். பொத்தானுக்கும் பக்கிளுக்கும் பேர்போன ஊர். அஸ்மன், ஓவர்ஹோஃப், பெர்க் உண்ட் நோல்ட என்று பழைய சீருடைப் பக்கிள்களின் பின்புறம் பார்க்கிற பெயர்கள் பலவும் அந்த ஊர்க் கம்பெனிகள்தாம். தகட்டில் இவ்வளவு நுணுக்கமாக எப்படி அடித்தார்கள் என்ற கேள்வியில்தான் எனக்கு இந்த ஆர்வம் பிடித்தது. அதில் இருக்கிற நாஜிச் சின்னத்தின் மேல் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. என் பக்கிள்கள் பெட்டிக்குள்தான் இருக்கின்றன, சுவரில் மாட்டுவதில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இணைய விளம்பரத்தில் 'உழைப்புச் சேவை பக்கிள், பழையது' என்று மட்டும் போட்டிருந்தது. படத்தில் நடுவே நீல டேப் ஒட்டியிருந்தது. ஜெர்மனியில் சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது குற்றச் சட்டம் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது, அதனால் விற்பவர்கள் சின்னத்தை மறைத்துத்தான் படம் போடுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்த டேப் சின்னத்தை மட்டுமல்லாமல், அது பொறித்த மண்வாரித் தகட்டையும் அதன் இரண்டு பக்கமும் இருக்கிற தானியக் கதிர்களில் பெரும்பகுதியையும் சேர்த்து மூடியிருந்தது. போலியைக் காட்டிக்கொடுக்கிற இடமே அதுதான். பின்புறப் படம் கேட்டேன். மங்கலாக ஒன்று வந்தது. போனில் பேசினேன். தாத்தா 1931-ல் உழைப்புச் சேவை முகாமில் இருந்தார், அவர் பெட்டியில் கிடைத்தது என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பணத்தை அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் டேப்பை உரித்தேன். கையில் எடுத்தபோதே கனமாக இருந்தது. நிக்கல் சில்வர் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, எங்கள் பட்டறையில் அச்சு செதுக்கி ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன் பெரியவரிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார், விரலால் தடவினார். "இது அடித்தது இல்லை, ஊற்றியது" என்றார்.

தகட்டை அச்சில் வைத்து அடித்தால் முன்னால் மேடாக நிற்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். மண்வாரி, கதிர் எல்லாமே பின்புறத்தில் தலைகீழ் நிழல் மாதிரி இருக்கும். என் பக்கிளின் பின்புறம் மழமழவென்று தட்டையாக இருந்தது. லென்ஸில் பார்த்தால் ஊசி முனை அளவுக்குக் குமிழிக் குழிகள். இடது கதிரின் நுனியில் கொஞ்சம் பெரிய குழி ஒன்று, அதன் பக்கத்திலேயே கோடு மாதிரி ஒரு பிசிறு. அளவுமானியில் வைத்தபோது, என்னிடம் இருக்கும் அசல் அலுமினியப் பக்கிளைவிட அகலத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறைவு. அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றினால், ஆறும்போது அது சுருங்கும். நகல் எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். கூடவே வந்த தோல் பெல்ட்டின் தையல் நூலைப் புற ஊதா விளக்கில் காட்டினோம். நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. இந்த மாதிரி வெண்மையூட்டி போருக்குப் பிறகுதான் நூலிலும் துணியிலும் பரவலானது.

இதெல்லாம் பொருளைப் பற்றியது. அந்த ஆண்டைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்திருந்தாலே போதும், பட்டறை அறிவே தேவைப்பட்டிருக்காது.

தன்னார்வ உழைப்புச் சேவையை 1931-ல், அப்போதைய சான்சலர் ப்ரூனிங்கின் அரசு அவசர ஆணை வழியாகக் கொண்டுவந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். 1932 பிப்ரவரியில் பதிவு செய்த வேலையற்றவர்கள் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். அரசு பணம் கொடுத்தது, முகாம்களை நடத்தியது தேவாலய அமைப்புகள், தொழிற்சங்கம் சார்ந்தவர்கள், இளைஞர் சங்கங்கள் என்று பலதரப்பட்டவர்கள். நாஜிக் கட்சியும் தனக்கென்று முகாம் நடத்தியது என்பது உண்மைதான். ஆனால் மண்வாரித் தகட்டில் சுவஸ்திகா, இரண்டு பக்கமும் கதிர் என்ற சின்னம் சேவை முழுவதற்கும் சின்னமானது ஹிட்லர் 1933-ல் ஆட்சிக்கு வந்து, நாஜிக் கட்சிக்காரரான கான்ஸ்டன்டின் ஹீர்ல் அந்தச் சேவைக்குப் பொறுப்பேற்ற பிறகுதான். 1935 ஜூன் 26 சட்டத்தோடு அது ரைக்ஸ்ஆர்பைட்ஸ்டீன்ஸ்ட், அதாவது நாஜி அரசின் உழைப்புச் சேவை ஆனது. ஆண்களுக்கு 18 முதல் 25 வயதுக்குள் ஆறு மாதம் கட்டாயம். அதற்குப் பிறகு அவர்களுக்கு அதில் தன்னார்வம் என்று எதுவும் மிச்சமில்லை.

எனக்குப் பணத்தைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு தேவாலய முகாமில் 1931-ல் போய்ச் சேர்ந்த பையன் இடுப்பில் இந்தச் சின்னத்தை மாட்டிவிடுகிறார்கள், விலையை ஏற்றுவதற்காக. அவன் என்ன நினைத்தான், யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று யாருக்குத் தெரியும்? தேதியைப் பொய்யாகச் சொன்னால் மனிதர்களைப் பற்றியும் பொய் சொன்னதாகிறது.

பணத்தைக் கேட்டபோது விற்றவர் முதலில் பதிலே போடவில்லை. பிறகு, "தனிநபர் விற்பனை, உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருக்கிறேனே" என்றார். சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அப்படி எழுதினாலும், பொருளைப் பற்றி விற்பவர் எழுத்தில் உறுதியாகச் சொன்ன விவரத்துக்கு அவர் பொறுப்புதான் என்றார். என் விஷயத்தில் 1931, தன்னார்வச் சேவை, தாத்தா எல்லாமே போனில் சொன்னது. எழுத்தில் இருந்தது 'பழையது' என்ற ஒரு சொல். அதனால் யாரிடம் வாங்கினாலும் சரி, எந்த ஆண்டு, எந்த அமைப்பு, அசல்தானா என்று மூன்றையும் மெசேஜில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். டேப்பைச் சின்ன அளவில், சுவஸ்திகாவை மட்டும் மறைத்து ஒட்டி மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்புறம், கொக்கி ஒட்டிய இடம், ஊசிகள், எல்லாம் வெயிலில் எடுத்த படமாகக் கேளுங்கள். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 'ஆர்பைட் ஆடெல்ட்', அதாவது உழைப்பு உயர்த்தும் என்ற வாசகம் பொறித்த பக்கிளை அரிய மாடல் என்று காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வாசகம் இந்தச் சேவையின் இடைக்கத்தியில் இருப்பது. சேவையின் சாதாரண உறுப்பினர்கள் கட்டிய பக்கிளில் சுவஸ்திகா பொறித்த மண்வாரியும் கதிரும்தான், எழுத்து இல்லை.

பத்து நாளைக்கு முன் அதே விளம்பரத் தளத்தில் வேறொரு பெயரில் ஒரு பக்கிள் வந்தது. இதுவும் 'பழையது', இதுவும் நீல டேப். இடது கதிரின் நுனி மட்டும் டேப்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நுனியில் அதே குழி, பக்கத்திலேயே அதே பிசிறு. தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்போது விளம்பரம் இன்னும் இருக்கிறது, விலை 260 யூரோ.