கும்பகோணத்தில் காதல் நாவல் எழுதக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பு: ஒரு மதிப்புரை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகில், ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும் காதல் நாவல் பயிற்சி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. இதுவரை எதுவும் எழுதியிராதவர்களுக்கென்றே நடத்தப்படும் இவ்வகுப்புக்கு மதிய உணவு உட்பட 1,800 ரூபாய் வாங்குகிறார்கள். கொடுத்த பணத்துக்கு முதல் நாள் ஒன்றே போதும். இரண்டாம் நாள் பிற்பகலைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு.

முதலில் கையில் தரப்படும் அச்சுக் குறிப்பேடு, ஆங்கிலக் காதல் நாவல்களின் சூத்திரத்தை அப்படியே எடுத்துவைக்கிறது. காதலே கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு வாசகருக்கு நிறைவு தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும், 1908இல் லண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் கதைகள் பெரும்பாலும் ஐம்பதாயிரம் சொற்களை ஒட்டியே அமைவதும் அதில் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளன. ஆனால், உதாரணக் கதையில் நாயகனும் நாயகியும் பனிப்பொழிவில் மலைக் குடிலில் மாட்டிக்கொள்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் எவர் எப்போது பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டார்? நல்லவேளையாக, அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை, முதல் மணி நேரத்திலேயே குறிப்பேட்டை மூடிவைக்கச் சொல்லிவிடுகிறார்.

பனிக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது, குறுவை அறுவடை முடிவதற்குள் பிடித்துக்கொள்ளும் ஐப்பசி மழையையும், நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் மூட்டைகளையும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்க முடியாது என்று சொல்லியே ஆகவேண்டிய பட்டியல் எழுத்தராக நாயகியும், வாடகை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வழியின்றி நிற்கும் விவசாயியாக நாயகனும் எதிரெதிரே நின்றால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, வில்லனே தேவையில்லை. அத்தை மகளின் பொறாமையையும் தொலைந்துபோன கடிதத்தையும் நம்பியே கதை பின்ன முயலும் புதியவர்களுக்கு இந்த ஒரு பாடத்துக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

அங்கிருந்து, சங்கக் காதல் பாடல்களின் மரபான அகத்திணைக்கு அவர் சென்ற விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருள்கள் ஐந்தையும் மனப்பாடப் பகுதியாக ஒப்பிக்காமல், எந்த அத்தியாயத்தில் எந்த மனநிலையை வைப்பது என்று தீர்மானிக்க உதவும் கருவியாகவே அவர் காட்டினார். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு உரியது ஊடல் என்பதால், டெல்டாவில் கதை நிகழ்த்துகிறவர் அதைத்தான் முதலில் பழக வேண்டும் என்றும், திருக்குறளே 133ஆம் அதிகாரமான ஊடலுவகையோடுதான் முடிகிறது என்றும் சொன்னார். பிரிவை எழுதுவது எளிது, நாயகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் இருவரை இருபது பக்கத்துக்கு நகர்த்துவதுதான் கடினம்.

மன்னார்குடியிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் வாசித்த பக்கத்தில், “எனக்கு உங்கள் மேல் கோபம்” என்று நாயகி நேராகவே சொல்லிவிடுகிறாள். ஆசிரியை அந்த வரியை அடித்துவிட்டு, “இவர்கள் வீட்டில் காலையில் காப்பி போடுவது யாரம்மா?” என்று கேட்டார். “அவர்தான், டீச்சர்.” திருத்திய பக்கத்தில், நாள்தோறும் ஆற்றி நுரையோடு நீட்டும் கணவனின் காப்பியை அவள் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தனக்கென்று வேறு பால் காய்ச்சுகிறாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். ஆண் பெண் உறவின் நுட்பங்களைச் சொற்சிக்கனத்தோடு எழுதிய கு.ப.ராஜகோபாலன் (1902–1944) இதே ஊரில் பிறந்தவர் என்பதை ஆசிரியை அப்போது நினைவூட்டியது பொருத்தமாக இருந்தது. அதே சமயம், ரமணிசந்திரனின் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து எழுத வந்தவர்களையும் அவர் மட்டம் தட்டவில்லை.

கதையின் கால அளவை நீர்வரத்தோடு இணைக்கும் பயிற்சியும் உண்டு. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்குரிய வழக்கமான நாள். திருக்காட்டுப்பள்ளிக்காரி தன் வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்துப் பல நாள் கழித்தும், கடைமடையான தலைஞாயிறுப் பக்கத்துப் பையன் காத்துக்கொண்டிருப்பான். அந்த இடைவெளிக்குள் எத்தனை தொலைபேசி உரையாடல்களை வைக்கலாம் என்பதே கேள்வி.

இரண்டாம் நாள் பிற்பகலில் ஆசிரியை இல்லை. வெளியீடு பற்றிப் பேச வந்தவர், பிரதிலிபி என்னும் இணையக் கதைத் தளத்தில் தொடராக எழுதும்போது அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கால் மணி நேரம் நன்றாக விளக்கினார். மீதி நேரம் முழுவதும், பணம் கட்டினால் நூறு பிரதி அச்சிட்டுத் தரும் திட்டத்தின் விளம்பரம்தான். அமேசானின் கிண்டிலில் ஒரு பைசாவும் கட்டாமல் தமிழ் நாவலை மின்னூலாக வெளியிடலாம் என்பதை, ஒருவர் எழுந்து கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். முதல் கையெழுத்துப் பிரதியே முடியாதவர்களிடம் அட்டைப்பட விலைப்பட்டியலை நீட்டுவது நியாயமில்லை.

அடுத்த நிலை வகுப்புக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். முழு நாவலையும் ஆசிரியையே படித்துத் திருத்துவாரா என்று விசாரித்ததற்கு, “பார்க்கலாம் சார்” என்ற பதில்தான் கிடைத்தது. அதை அவர்கள் எழுத்தில் உறுதி செய்யும்வரை முதல் நிலைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினாலும் இழப்பு ஏதுமில்லை.