வீட்டில் சாஃப்ட் பிளாஸ்டிக் வார்க்கும் கிட்: அச்சு நல்லது, திரவம் நல்லது, செய்முறைத் தாள் ஆகாது

குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம், கேரள எல்லை தாண்டினால் நெய்யாறு சேரும் பூவாறு, கிழக்கே பழையாறு சேரும் மணக்குடி. இந்த மூன்று இடத்திலும் லூர் (மீன் பிடிக்கும் செயற்கை இரை) போடுபவர்களுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான பிளாஸ்டிக் லூர்) எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று சொல்லவே வேண்டாம். கொடுவாயும் செம்பல்லியும் கிழிப்பது கொஞ்சம், கல் இடுக்கில் போவது கொஞ்சம், மிச்சத்தைப் பேத்தை மீன் வாலோடு நறுக்கிவிடும். அதனால்தான் ஆன்லைனில் பல பெயர்களில் வரும் ‘நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள்’ கிட்டுகளைப் பற்றி இந்தப் பகுதியில் இவ்வளவு பேச்சு.

இங்கே பார்ப்பது அப்படி ஒரு தொடக்கக் கிட். ஒரு லிட்டர் பிளாஸ்டிசால் (சூடாக்கி வார்க்கும் திரவம்), 100 மி.லி. சாஃப்ட்னர் (மென்மை கூட்டுவது), 50 மி.லி. ஹீட் ஸ்டெபிலைசர் (சூட்டில் கருகாமல் காப்பது), நான்கு கலர், இரண்டு கிளிட்டர், 4 அங்குல பேடில் டெய்ல் (துடுப்பு வால் லூர்) இரண்டு வார்க்கும் அலுமினிய அச்சு, 60 மி.லி. இன்ஜெக்டர் (திரவத்தை உறிஞ்சி அச்சில் தள்ளும் குழாய்), ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பை பொடி உப்பு, ஒரு முகக்கவசம், ஒரு பக்கச் செய்முறைத் தாள். இதில் காசு பெறுவது அச்சும் திரவமும். இன்ஜெக்டர் பரவாயில்லை. உப்பு தேவையில்லை. செய்முறைத் தாள் ஆபத்தானது.

தாள் சொல்வது இதுதான்: “ஒரு கப் ஊற்றி மைக்ரோவேவில் 5 நிமிடம் வையுங்கள்.” பிளாஸ்டிசாலுக்கு நிமிடக் கணக்கு உதவாது, வெப்பநிலைதான் கணக்கு. பிளாஸ்டிசைசரில், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில், மிதக்கும் நுண்ணிய பிவிசி துகள்கள்தான் பிளாஸ்டிசால். சூடு ஏற ஏறத் துகள்கள் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி உப்பும். முதலில் மோர் மாதிரி இருப்பது கட்டிகட்டியாகும், பிறகு களி மாதிரி இறுகும். புதிதாகச் செய்பவர்கள் இந்தக் கட்டத்தில் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. இன்னும் சூடு ஏறினால் களி இளகி, வெண்மை போய்க் கண்ணாடிபோல் தெளிந்து, கரண்டியிலிருந்து நூலாக வழியும். 160 முதல் 175 டிகிரி செல்சியஸுக்குள் அந்த நிலை வரும். அதுதான் வார்க்கும் பதம். 190-ஐத் தாண்டினால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அமில வாயு அது.

ஒரே 5 நிமிடம் ஒரு வீட்டின் 700 வாட் மைக்ரோவேவில் களியாகவே நிற்கலாம், இன்னொரு வீட்டின் 1,000 வாட்டில் நடுப்பகுதி கருகிவிடலாம். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்காது. எனவே 150 மி.லி. எடுத்து, முதலில் ஒன்றரை நிமிடம் வைத்துக் கலக்குங்கள். பிறகு 30 நொடி, கலக்கல், 30 நொடி, கலக்கல் என்று போங்கள். ஒவ்வொரு முறையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். அது மேற்பரப்பை மட்டுமே அளக்கும், மேற்பரப்பு எப்போதும் உள்ளே இருப்பதைவிட ஆறியிருக்கும். அதனால் கலக்கிய கையோடு, மேலிருந்து திரவத்தைக் குறிவைத்து அளக்க வேண்டும். குவளையின் கண்ணாடிச் சுவரைக் குறிவைத்தால் கண்ணாடியின் சூடுதான் தெரியும். இந்தக் கருவி கிட்டில் இல்லை. விற்பவர் உப்புப் பையையும் முகக்கவசத்தையும் எடுத்துவிட்டு இதை வைத்திருந்தால் கிட்டின் மதிப்பே வேறு. அந்தத் துணி முகக்கவசம் தூசியைத் தடுக்கும், அமில வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கும் ஆர்கானிக் ஆவிக்கும் உரிய கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். வேலையைத் திறந்த வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். 170 டிகிரி பிளாஸ்டிசால் தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டே சுடும். சமையலுக்குப் பயன்படும் மைக்ரோவேவில் இதை ஒருமுறைகூட வைக்க வேண்டாம். பழைய மைக்ரோவேவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

திரவத்தின் தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டிலை எப்படிக் கலக்குவது என்று தாளில் ஒரு வரி இல்லை. வைத்த இடத்தில் பிவிசி அடியில் இறங்கிவிடும். கலக்காமல் மேலாக ஊற்றினால் முதல் வார்ப்பு கையில் பிசுபிசுக்கும், வால் துவண்டு தொங்கும். பாட்டிலின் கடைசிக் கால்வாசி செருப்பு ரப்பர் மாதிரி வரும். இதை வைத்துக்கொண்டு ‘மட்டமான சரக்கு’ என்று விமர்சனம் எழுதியவர்கள் நிறைய. வார்க்கும் முன் பாட்டிலைத் தலைகீழாக வைத்து, அடியில் படிந்த வெள்ளைப் பசை முழுவதும் கரையும்வரை குலுக்குங்கள். நீண்ட குச்சியால் அடியைச் சுரண்டிப் பார்த்தால் மீதி தெரியும். குலுக்கினால் காற்றுக்குமிழி ஏறும். அரைமணி நேரம் விட்டால் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

ஸ்டெபிலைசரை 150 மி.லி.க்கு அரை தேக்கரண்டி சூடாக்கும் முன்பே சேர்த்துவிடலாம். கலரை மட்டும் திரவம் தெளிந்த பிறகு ஊற்றுங்கள். முதலிலேயே வெள்ளையோ கறுப்போ கலந்துவிட்டால் தெளிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. 150 மி.லி.க்கு எட்டுப் பத்துச் சொட்டு கலர், கால் தேக்கரண்டி கிளிட்டர் போதும். கிட்டில் வரும் கிளிட்டர் சூடு தாங்கும் பாலியெஸ்டர், நல்லது. அது தீர்ந்ததும் ஸ்டேஷனரி கடைக் கிளிட்டரைப் போட்டால் சூட்டில் சுருண்டு நிறம் போய்விடும்.

சாஃப்ட்னர் விஷயத்தில் தாள் குளிர்நாட்டுப் பக்குவத்தை அப்படியே எழுதியிருக்கிறது: பத்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது. குளிர்ந்த ஏரித் தண்ணீரில் பிளாஸ்டிக் விறைக்கும், அங்கே அது சரி. நம் பொழியில் தண்ணீர் கோடையில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், படகின் மேல் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் அதைவிடக் கூடுதல். பிவிசி சூட்டில் தானாகவே இளகும். அதற்கு மேல் சாஃப்ட்னர் ஊற்றினால் லூர் ஜிக் ஹெட்டின் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) கழுத்திலிருந்து நழுவி இறங்கும், இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மேலே தள்ள வேண்டியிருக்கும். பேத்தைக்கும் வேலை எளிதாகிவிடும். பாட்டிலில் வருவதை அப்படியே வார்த்தாலே 4 அங்குல வால் 10 கிராம் ஜிக் ஹெட்டில் மெதுவாக இழுக்கும்போது நன்றாக அடிக்கிறது. சாஃப்ட்னரைப் பழைய லூர்களை உருக்கும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.

உப்பு, லூரைக் கனமாக்கி இறக்குவதற்கு. ஏற்ற இறக்க நீரோட்டத்தில் எவ்வளவு வேகத்தில் இறங்குவது என்பதை ஜிக் ஹெட்டின் ஈயம்தான் தீர்மானிக்கிறது. உப்புத் துகள் பிளாஸ்டிக்கின் பிடிப்பைக் குறைக்கும், சீக்கிரம் கிழியும், குவளையின் அடியில் படியும், அலுமினியத்தை அரிக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பையைத் திறந்து வைத்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் சூடான பிளாஸ்டிசாலில் போனால் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும். ஜிக் ஹெட் இல்லாமல் போடும் புழு வடிவத்துக்கு உப்பு வேண்டும் என்பவர்கள், வாணலியில் வறுத்து ஈரம் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

இனி அச்சு. இரண்டு பாதியும் இடைவெளியில்லாமல் சரியாகப் பொருந்துகின்றன. அச்சை மூடி, விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சக் கோடுகூடத் தெரியாது. வார்ப்பில் விளிம்புப் பிசிறு அநேகமாக இல்லை. கண்ணின் குழி, செதில் வரி, வாலின் மெல்லிய கழுத்து எல்லாம் கூர்மையாக விழுகின்றன. அந்தக் கழுத்து சுமார் 2 மி.மீ., ரொம்பத் தடித்தால் வால் சரியாக ஆடாது. கிட்டின் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது, அது நியாயம்.

வார்ப்பில் வரும் குறைகள் பெரும்பாலும் இன்ஜெக்டரைக் கையாள்வதில்தான் பிறக்கின்றன. குளிர்ந்த இன்ஜெக்டரில் உறிஞ்சினால் திரவம் சுவரில் இறுகிவிடும். முதல் தடவை உறிஞ்சியதைக் குவளையிலேயே திருப்பித் தள்ளி, குழாய் சூடானதும் மறுபடி மெதுவாக உறிஞ்சுங்கள். முனை திரவத்தின் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். வெளியே வந்தால் காற்றும் சேர்ந்து ஏறும், லூரின் வயிற்றில் குமிழியாக நிற்கும். அச்சையும் முதலில் சற்றுச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த அச்சில் வால் நுனிவரை போகாமல் பாதியில் உறையும். முதல் இரண்டு வார்ப்பை மறுபடி உருக்குவதற்கென்றே எடுத்துக்கொண்டால் அச்சு தானே பதத்துக்கு வந்துவிடும்.

லூரின் முதுகில் பள்ளம் விழுந்தால் அதற்குக் காரணம் சுருக்கம். பிளாஸ்டிசால் ஆறும்போது சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து திரவம் வர வேண்டும். நிரம்பியதும் இன்ஜெக்டரை உடனே எடுக்காமல் லேசான அழுத்தத்தோடு 10 நொடி பிடியுங்கள், ஊற்றுவாயில் கொஞ்சம் குவியலாக விட்டு எடுங்கள். 4 அங்குலத்துக்கு நான்கைந்து நிமிடம் கழித்துத் திறக்கலாம். அவசரப்பட்டு அச்சைத் தண்ணீரில் முக்குகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த வார்ப்புக்கு முன் ஒவ்வொரு குழியையும் துணியால் துடைத்து உலர்த்தியாக வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் ஊற்றுவாய் வழியே சூடான பிளாஸ்டிக் முகத்துக்கு வரும்.

இன்ஜெக்டரின் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிட்டின் பலவீனமான உறுப்பு. சூட்டில் இறுகி விரிசல் விடுகிறது. அதே அளவில் சிலிக்கோன் ஓ-ரிங் இரண்டு வாங்கிப் போட்டால் பிரச்சினை தீரும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சொந்த வடிவம் செய்து பார்க்க. அளவுக் கரண்டியில் இரண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர். மூல வடிவத்தைப் பாதி அமிழ்த்தி இறுகியதும், மேற்பரப்பு முழுவதும் வாசலின் பூசிவிட்டு இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். பூசாவிட்டால் இரண்டும் ஒரே கல்லாகிவிடும். ஒரு நாளில் காயும் என்று தாள் சொல்வதை நம்ப வேண்டாம், ஜூன், ஜூலை ஈரத்தில் ஒரு வாரம்கூடப் போதாது. தினமும் தராசில் எடை பாருங்கள், எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. அதன்பின் ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பிறகு அடுத்தது. பூச்சு விட்டுப்போன இடத்தில் லூரின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குமிழி விழும்.

வார்த்த லூரை நேராகப் படுக்க வைத்து ஒரு நாள் விடுங்கள். வளைந்து கிடந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும், இழுக்கும்போது சுழலும், பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்) முறுக்கேறும். பாலித்தீன் பையில் சில சொட்டு மினரல் ஆயில் விட்டு வையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாகக் காறல் வாடை வரும். ஹார்ட் லூர் வைக்கும் பெட்டியில் சேர்த்து வைத்தால் பிளாஸ்டிசைசர் அந்தப் பெயின்டையும் பெட்டியையும் இளக்கிவிடும். கறுப்போடு வெள்ளையை வைத்தால் சாயம் ஏறும். கடையில் வாங்கிய டிபிஇ வகை லூரை, அதாவது நன்றாக நீளும், தண்ணீரில் மிதக்கும் வகையை, இவற்றோடு ஒரே பையில் போடவே கூடாது. இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு: 4 அங்குல லூர் ஒன்று சுமார் 9 கிராம் என்று வைத்தால், ஒரு லிட்டரில் கழிவு போக நூறை ஒட்டி வரும். மாதத்துக்கு ஒரு பாக்கெட் தீர்ப்பவருக்கு அச்சின் விலை திரும்ப வருடக்கணக்காகும், அவர் கடையிலேயே வாங்கலாம். வாரம் தவறாமல் பொழிக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கிட் வாங்குவது சரியான வழி.

பேத்தை கடித்த துண்டு, கிழிந்த தலை எதையும் தண்ணீரில் எறிய வேண்டாம். இது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். நிறம் பிரித்து டப்பாவில் சேர்த்து, கழுவி, முழுதாக உலர்த்தி, சின்னதாக வெட்டி உருக்குங்கள். 150 மி.லி. அளவுக்கு ஒரு தேக்கரண்டி சாஃப்ட்னரும் அரை தேக்கரண்டி ஸ்டெபிலைசரும் சேர்த்தால் இரண்டு மூன்று முறை தாங்கும். ஒவ்வொரு உருக்கலிலும் கொஞ்சம் மஞ்சள் ஏறும். அதனால் தெளிந்த நிறங்களைப் புதுத் திரவத்தில் வார்த்துக்கொள்ளுங்கள். பழையதை அடர்பச்சையாகவோ கறுப்பாகவோ மாற்றி, மழைக்குப் பின் ஆறு கலங்கி வரும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.