மீந்துபோன உருளைக்கிழங்கு மசியலுக்கு ஏர் ஃப்ரையர் ஏற்றதா?

உறையவைத்த உருளைக்கிழங்கு வறுவலைப் போட்டுப் பார்த்து ஏர் ஃப்ரையருக்கு மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை. அந்த வறுவல் ஏற்கெனவே எண்ணெயில் ஒரு முறை பொரிந்து வருவது. எந்த மெஷினிலும் மொறுமொறுப்பாகத்தான் வரும். மெஷினுக்கு உண்மையான சோதனை, நேற்று மீந்த மசியல். பாலும் வெண்ணெயும் சேர்ந்த மசியலில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதை வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் ஆக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. எடுத்துக்கொண்டது வீடுகளில் பரவலாக இருக்கும் வகை: இழுப்பறை போலத் திறக்கும் 4 லிட்டர் கூடை, 1,400 முதல் 1,500 வாட் வரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரொட்டித் தூள் போர்த்திய கட்லெட்டுக்கு இந்த மெஷின் மிக நன்றாக உழைக்கிறது. மேலே எதுவும் போர்த்தாமல் வெறுமனே தட்டிய வில்லைகளுக்கு இது வேண்டாம். வார்ப்பிரும்பு வாணலியே மேல்.

காரணம் எளிது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். மேற்பரப்பு காய்ந்து பொன்னிறமாக 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மசியலைப் பிடித்து நிறுத்த ஏதாவது இருக்க வேண்டும். வாணலியில் சூடான இரும்பும் எண்ணெயும் நேரடியாகத் தொடுவதால் அடிப்பக்கம் சீக்கிரமே இறுகிவிடுகிறது. ஏர் ஃப்ரையரில் விசிறி சுழற்றும் சூடான காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தாது. அதனால் போர்வை இல்லாத வில்லை ஓடு பிடிப்பதற்குள் தளர்ந்து, கூடைக்குள் இருக்கும் தட்டின் துளைகளுக்குள் இறங்கிவிடும். சூட்டைக் கூட்டினால் சரியாகாது. மேல்பக்கம் தோல் போலக் காயுமே தவிர மொறுமொறுப்பு வராது.

ஆகவே வேலையின் பெரும்பகுதி மெஷினுக்கு வெளியேதான். மசியல் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது 4 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். ஓர் இரவு இருந்தால் இன்னும் நல்லது. குளிரக் குளிர வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகும், வெண்ணெயும் உறையும். (சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, 3 அல்லது 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியிலேயே கிடந்த மசியலை இதற்கு எடுக்கக் கூடாது.) மிக்ஸியில் அடித்த மசியல் என்றால் மாவுச்சத்து உடைந்து பசை போல ஆகியிருக்கும். அதை எந்த மெஷினாலும் மீட்க முடியாது. உள்ளே ரப்பர் போலத்தான் இருக்கும்.

500 கிராம் குளிர்ந்த மசியலுக்கு ஒரு முட்டையின் மஞ்சள் கரு, 3 மேசைக்கரண்டி மைதா போதும். மைதாவுக்குப் பதில் 2 மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன் ஃப்ளார்) போட்டால் ஓடு இன்னும் மெல்லியதாக வரும். முழு முட்டையை உள்ளே ஊற்றுவது பலர் செய்யும் தவறு. வெள்ளைக் கரு பெரும்பாலும் தண்ணீர்தான். அது சேர்ந்தால் கலவை தளரும், அதைச் சரிக்கட்ட மேலும் மாவு போடுவார்கள், கடைசியில் உருளைக்கிழங்கு ருசி போய் மாவு ருசிதான் மிஞ்சும். பால் தாராளமாக ஊற்றிய மசியலாக இருந்தால் மாவைக் கூட்டாதீர்கள். அகலமான வாணலியில் மிதமான தீயில் சில நிமிடம் கிளறி, ஓரத்தை விட்டு ஒட்டாமல் வந்ததும் மறுபடி குளிரவையுங்கள். உப்பை, முட்டையும் மாவும் கலப்பதற்கு முன் மசியலை ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மசியலில் ஏற்கெனவே இருக்கும்.

ஒன்று 40 கிராம் அளவில், 5 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிமனாகத் தட்டினால் 14 வரை வரும். தடிமன் முக்கியம். 3 சென்டிமீட்டர் போனால் வெளியே நிறம் வந்த பிறகும் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். உருண்டையாகப் பிடித்தால் தட்டில் படும் இடத்தில் மட்டும் ஈரமாக நிற்கும்.

இனி போர்வை. முதலில் மைதாவில் புரட்டி உதற வேண்டும், பிறகு அடித்த முட்டை, கடைசியில் ரொட்டித் தூள். மீந்த வெள்ளைக் கருவை இந்த முட்டையோடு சேர்த்துக்கொள்ளலாம். பெரிய செதில்களாக இருக்கும் பாங்கோ என்ற ஜப்பானிய ரொட்டித் தூளே சிறந்தது. நைசான தூள் நெருக்கமாகப் படிந்து, உள்ளிருந்து வரும் ஆவியை அடைத்துக்கொண்டு நமத்துப்போகும். ஆனால் பாங்கோவை அப்படியே போட்டால் இந்த மெஷினில் நிறமே வராது, வெளிறிப்போய் மணல் போலக் கடிபடும். ஒரு கப் தூளை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 3 நிமிடம் இளம் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்துப் புரட்டுங்கள். எண்ணெயே இல்லாமல் முடியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். தூளைக் கையால் அழுத்திப் பதிக்கவும் வேண்டும், இல்லையென்றால் விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகும். போர்த்தியதும் 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் வெடிப்பு வெகுவாகக் குறைகிறது.

மெஷினை 190 டிகிரியில் 5 நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடாக்குங்கள். சூடேற்றத் தேவையில்லை என்று சொல்லும் மாடல்களிலும் இதைத் தவிர்க்காதீர்கள். மேல் ஓடு எப்படி வரும் என்பதை முதல் இரண்டு நிமிடச் சூடுதான் தீர்மானிக்கிறது. துண்டுகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி 7 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 5 நிமிடம். நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். நிறம் பொன்னிறத்தோடு நிற்கட்டும்: மாவுச்சத்துள்ள பண்டம் 120 டிகிரிக்கு மேல் போகும்போது அக்ரிலமைடு என்ற, உடலுக்குக் கேடாகக் கருதப்படும் வேதிப்பொருள் உருவாகிறது, கரும்பழுப்பாக ஆக ஆக அதுவும் கூடும்.

குறைகளுக்கு வருவோம். கொள்ளளவை லிட்டரில் சொல்வது இந்த வேலைக்கு உதவாத கணக்கு. பார்க்க வேண்டியது தட்டின் பரப்பு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஒரு தடவைக்கு 9 துண்டுதான், அதனால் மேலே சொன்ன அளவுக்கு இரண்டு ஈடு போட வேண்டும். முதல் ஈடு காத்திருக்கும்போது சாதாரணத் தட்டில் அடுக்கினால் அடிப்பக்கம் வேர்த்து நமத்துவிடும், கம்பி வலை மேல் வையுங்கள். நேரமும் வெப்பமும் முன்கூட்டியே பதிந்த பொத்தான்கள் எதுவும் பயனில்லை; வெப்பத்தை 5 டிகிரி இடைவெளியில் கையால் மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கூடையில் பேக்கிங் காகிதம் விரித்தால் கீழ்க்காற்று அடைபடும் என்பதால் துளையிட்டதையே வாங்குங்கள். லெசித்தின் (ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) கலந்த ஸ்ப்ரே எண்ணெய் ஒட்டாப் பூச்சின் மேல் பிசுக்காகப் படிந்து கெடுத்துவிடும், சாதாரண எண்ணெயைத் தூரிகையால் தடவுவதே சரி.

போர்த்தும் வேலைக்கு நேரமில்லை என்றால் ஏர் ஃப்ரையரை விட்டுவிடுங்கள். அதே கலவையை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் தட்டி, 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிய இரும்பு வாணலியில் மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம் வையுங்கள். முதல் 3 நிமிடம் தொடவே கூடாது. ஓடு இறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும், அவசரப்பட்டுத் திருப்பினால் பாதி வாணலியோடு நிற்கும்.

ஏர் ஃப்ரையர் வாணலியை மிஞ்சும் இடம் ஒன்று உண்டு: சேமித்துவைத்துச் சுடுவது. போர்த்திய கட்லெட்டுகளைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்துப் பையில் போட்டுவிட்டால், வேண்டும்போது பனி விலகவிடாமல் நேராகக் கூடையில் வைத்து 180 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பினால் போதும். வாணலியில் இதைச் செய்தால் உள்ளே சூடேறுவதற்குள் வெளியே கருகிவிடும். பனி விலகவிட்டுச் சுட்டால் ரொட்டித் தூள் ஈரத்தை உறிஞ்சி உரிந்துகொண்டு வரும்.